இன்றைய உபயம்

சந்தைக்குப் பின்னால் ஒரு மடம் இருந்தது. மத்தியானம் ஒரு வேளை, யார் வந்து உட்கார்ந்தாலும் அங்கே சோறு உண்டு. மூட்டை தூக்குகிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் என்று பந்தி நிறைந்துவிடும்.

சமையல்கட்டு வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். மேலே ‘இன்றைய உபயம்’ என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். அன்றைய சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்டவர் பெயரைக் கீழே சாக்பீஸால் எழுதுவார்கள்.

காலம் கெட்டுப்போனதோ, மனசு சுருங்கிப்போனதோ, உபயம் கொடுத்துக்கொண்டிருந்த மண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பலகை பாதி நாள் வெறுமையாகத் தொங்கியது. இப்படியே போனால் தை பிறப்பதற்குள் அடுப்பை அணைக்க வேண்டியதுதான் என்று மடத்தில் பேச்சு வந்துவிட்டது.

குஞ்சிதபாதத்துக்குப் பொறுக்கவில்லை. ஆயுசு பூராவும் மில் கேண்டீன் நடத்தி, தலை வெளுத்த பிறகு சீடராக வந்து சேர்ந்தவர் அவர். மடத்தின் தலைவி மங்கையம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனால் குரு குருதானே? “தாயே” என்றுதான் கூப்பிடுவார்.

“அடுப்பை என்கிட்ட விடுங்க தாயே. எப்படி அணையுதுன்னு பார்த்துடறேன்.”

“விட்டாச்சு” என்றார் மங்கையம்மை.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் கெட்டிக்காரர். சந்தை கலைகிற நேரத்துக்குப் போய், வெடித்த பூசணிக்காயையும் கோணல் கத்திரிக்காயையும் அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்தார். துவரம்பருப்பை நிறுத்திவிட்டுக் கொள்ளுப்பயறைக் கொண்டுவந்தார். ஊறவைத்த பயறைப் பாதி வேக்காட்டில் இறக்கி, சாக்கைச் சுற்றி மூடி வைத்தார். மீதி தானாக வெந்தது, விறகு மிஞ்சியது.

“அநியாயமா இல்லை? முள்ளங்கித் தழையை மாட்டுக்குப் போடுறீங்க. பூசணித் தோலைக் குப்பையில கொட்டுறீங்க. வடிச்ச கஞ்சி சாக்கடைக்குப் போகுது!” என்று சமையல்காரர்களை உலுக்கி எடுத்தார்.

தழை பொரியலாயிற்று. தோல் துவையலாயிற்று. கஞ்சி, உப்பும் மோரும் சேர்ந்து குவளைக்கு வந்தது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட மங்கையம்மை விரலை நக்கிவிட்டுச் சொன்னார்: “பூசணித் தோலா இது? நாளைக்கும் அரைங்க.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாரா? பாராட்டு கேட்ட காது இன்னும் கேட்குமே!

ஒருநாள் பரிமாறுகிறவர்களை வரிசையாக நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். “‘இன்னும் வேணுமா’ன்னு இனிமே யாரும் கேக்கக் கூடாது. ‘போதும்ல?’ன்னு கேளுங்க. கேக்கும்போதே அடுத்த தட்டுக்குக் காலை எடுத்து வெச்சிடுங்க. கேண்டீன்ல இதை வெச்சே நான் லாபம் பார்த்தவன்.”

அடடா, என்ன சாமர்த்தியம்! இனாம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறவனுக்கு அப்போது வாய் வருமா? அத்தனை பேரும் “போதும் சாமி, போதும் சாமி” என்று தலையாட்டினார்கள். அண்டாவில் சோறு மிஞ்சியது. அடுத்த நாள் உலையில் போடுகிற அரிசி குறைந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது. தை பிறந்தது, அடுப்பு அணையவில்லை. உபயம் இல்லாத நாட்களில் குஞ்சிதபாதமே சாக்பீஸை எடுத்து, பலகையில் குண்டு குண்டாக ‘சிக்கனம்’ என்று எழுதிவிட்டு, ரெண்டடி பின்னால் போய் நின்று ரசித்தார்.

ஒருநாள் பந்தி முடிந்ததும் மங்கையம்மை கேட்டார்.

“ஆள் குறைஞ்சு போச்சா?”

“இல்லை தாயே. கூடத்தான் வர்றாங்க.”

“சோறு மட்டும் குறையுதே?”

“மிதமாச் சாப்பிடப் பழகிட்டாங்க.”

“மூட்டை தூக்குறவங்களா?”

குஞ்சிதபாதத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்ன தாயே பேச்சு இது? எல்லாரும் கைவிட்ட அடுப்பை எரிய வெச்சுக் காட்டியிருக்கேன். ஒரு கைப்பிடி உப்பு எனக்குன்னு எடுத்திருப்பேனா? பாராட்ட வேண்டாம், போகட்டும். சந்தேகப்பட்டா எப்படி? சிக்கனத்துல நான் என்ன தப்புப் பண்ணிட்டேன், அதைச் சொல்லுங்க!”

மங்கையம்மை எழுந்தார். “வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்.”

மங்கையம்மை எந்தக் கடையிலும் டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. குஞ்சிதபாதம் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

எதிர்ச்சாரியில் சிக்கந்தர் பாய் கடை. வாசலில் ஒரே கூட்டம். சற்றுமுன் பந்தியில் “போதும் சாமி” என்று தலையாட்டிய அதே முகங்கள்! ஆளுக்கொரு கையில் டீ, இன்னொரு கையில் பன். இவர்களைக் கண்டதும் பன்னைத் துண்டுக்குள்ளும் முந்தானைக்குள்ளும் ஒளித்தார்கள். சொந்தக் காசில் வாங்கிய பன்னை, திருடினவர்களைப் போல ஒளித்தார்கள்.

சிக்கந்தர் பாய் ஓடிவந்து பெஞ்சைத் துடைத்தார்.

“வாங்க தாயே, உக்காருங்க. சாமி, நீங்கதான் இப்போ மடத்துச் சமையலைப் பார்த்துக்கறீங்களாமே! நல்லா இருக்கணும் நீங்க. முன்னெல்லாம் பந்தி முடிஞ்சா நேரா மரத்தடிக்குப் போய்ப் படுத்துடுவாங்க, ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டாங்க. இப்போ உங்க புண்ணியத்துல பன்னு போட்டு மாளலை. மடத்துச் சாப்பாடு நல்லாப் பசியைக் கிளப்புது போல!”

மனுஷர் கள்ளமில்லாமல் சிரித்தார். “உங்க டீக்கு மட்டும் நான் காசு வாங்க மாட்டேன்.”

குஞ்சிதபாதம் வாங்கிய டம்ளரைக் குடிக்காமலே பெஞ்சில் வைத்தார்.

ஓரமாக நின்றிருந்தவள் செல்லாயி. வெங்காய லாரியில் மூட்டை இறக்குகிறவள். மங்கையம்மை அவள் பக்கம் திரும்பினார்.

“மடத்துல சாப்பிட்டியாம்மா?”

“சாப்பிட்டேன் தாயி. வயிறு ரொம்பிப் போச்சு.”

“முந்தானையில என்ன?”

“இது… புள்ளைக்கு.”

“எந்தப் புள்ளைக்கு?” என்றார் சிக்கந்தர் பாய். “தினம் இங்கேயே நின்னு தின்னுட்டுத்தானே போறே!”

செல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள். குஞ்சிதபாதம் பொங்கிவிட்டார். “பந்தியில இன்னும் கொஞ்சம் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன? யாரு உன் வாயைக் கட்டிப்போட்டது?”

“கேக்கலாம்னுதான் வாயைத் தொறந்தேன் சாமி. கரண்டி அடுத்த தட்டுக்குப் போயிடுச்சு.”

“கூப்பிட வேண்டியதுதானே!”

“இனாமாச் சாப்பிட்டுட்டு, கூப்பிட்டு வேற கேக்கறதா? பெரியவங்க நீங்க ‘போதும்ல’ங்கறீங்க. இல்லைன்னு எப்படிச் சொல்ல?” அவள் குரல் இறங்கியது. “இன்னும் ஒரு லாரி இறக்கணும் சாமி. அரை வயித்தோட மூட்டை எந்திரிக்காது. அதான் கூலியில ஒரு பன்னு. ராத்திரி வீட்டுக்கு வாங்குற அரிசியில கொஞ்சம் கொறைச்சுக்குவேன். வேற ஒண்ணும் இல்லை.”

மங்கையம்மை டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நடந்தார். மடத்து வாசலில் குஞ்சிதபாதம் தாங்கமாட்டாமல் வெடித்தார்.

“யாருக்காகப் பண்ணினேன் தாயே? எனக்கா? அடுப்பு அணைஞ்சிருந்தா அவங்களுக்கு அந்த ஒரு கரண்டியும் இல்லையே! தோலு, தழை, கஞ்சின்னு ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் பொறுக்கி நான் சேர்த்தது பாவமா?”

“தோலும் தழையும் நீங்க சேர்த்தது. அதை நான் விரலை நக்கிச் சாப்பிட்டேன்.”

“அப்போ எது தப்பு?”

மங்கையம்மையின் முகம் சிவந்திருந்தது. நேராகச் சமையல்கட்டு வாசலுக்குப் போய், பலகையில் இருந்த ‘சிக்கனம்’ என்ற எழுத்தை முந்தானையால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

“எழுதுங்க.”

“யார் பேரை எழுதறது? இன்னைக்குத்தான் உபயம் இல்லையே தாயே.”

“செல்லாயின்னு எழுதுங்க.”

“செல்லாயியா? இங்க வந்து சாப்பிட்டுப் போறவ தாயே அவ! மடத்துக்கு அவ என்ன குடுத்தா?”

“நீங்க கரண்டியில மிச்சம் பிடிச்சது பூரா.”