இடது சடை இரண்டு விரல் மேலே

அந்தக் கன்னியர் மடத்துப் பள்ளியின் விதிப்புத்தகத்தில் பிள்ளைகளின் தலைமுடிக்கு மட்டும் பதினோரு விதிகள் இருந்தன. ஆண்டவர் மோசேயிடம் கொடுத்த கட்டளைகளைவிட ஒன்று அதிகம்.

வகிடு நேராக இருக்க வேண்டும். இரட்டைச் சடை, இரண்டும் ஒரே உயரத்தில் தொடங்க வேண்டும். மடித்துக் கட்டிய ரிப்பன் கறுப்பாக இருக்க வேண்டும். பூ கூடாது. இப்படியே போகும்.

தினமும் காலையில் வாசலில் நின்று இதையெல்லாம் பார்ப்பவர் சிஸ்டர் பிலோமின். கண்ட குறைகளை ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிவைப்பார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஒரு மாலை அவர் அந்த நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மடத்துத் தலைவி மதர் இஞ்ஞாசியம்மாளின் அறைக்கு வந்தார்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் பிலோமின் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர் மதர். இப்போது மதருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அவருடைய முக்காடு எப்போதும் இடப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். அதைச் சொல்லிவிட வேண்டுமென்று பிலோமின் பத்தொன்பது ஆண்டுகளாக நினைக்கிறார்.

"மதர், என்னை வேற மடத்துக்கு மாத்திடுங்க."

"ஏன், சாம்பார் சரியில்லையா?"

"விளையாடாதீங்க மதர்."

மதர் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிக் காட்டினார். பிலோமின் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை. ஆறாம் வகுப்பு தெக்லா வாசலுக்கு வந்தாள். இரண்டு சடைக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒன்றில் கறுப்பு ரிப்பன். மற்றதில் புண்ணுக்குக் கட்டும் வெள்ளைத் துணி.

"யாரு பின்னினது?"

"அம்மா, சிஸ்டர்."

"உங்க அம்மாவுக்கு வகிடு எடுக்கத் தெரியாதா?"

தெக்லா வெள்ளைத் துணியின் முடிச்சை விரலால் பிடித்துக்கொண்டாள்.

மற்ற பள்ளிகளாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பிலோமின் அனுப்பவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிள்ளையைக் கீழ்ப்படியில் உட்காரவைத்து, தான் மேல்படியில் உட்கார்ந்து, இரண்டு சடையையும் அவிழ்த்துச் சீவித் தன் கையாலேயே பின்னிவிட்டார். புது ரிப்பன் ஒன்றும் கொடுத்தார்.

அவிழ்த்த வெள்ளைத் துணியைத் தெக்லா கை நீட்டிக் கேட்டாள்.

"குப்பையை எதுக்குக் கையில வச்சுக்கிட்டு" என்று அதைக் கூடையில் போட்டார்.

புதன்கிழமை தெக்லாவின் அம்மா அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த அம்மாள் ஒரு மாதமாக அங்கே கிடந்தது பிலோமினுக்கு அதுவரை தெரியாது.

அடக்கத்தின்போது பிள்ளையின் சித்தி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போன மகளை அம்மா கட்டிலில் உட்காரவைத்து, ஊசி ஏற்றியிருந்த கையோடு அரைமணி நேரம் பின்னினாளாம். ஒரு ரிப்பனைக் காணவில்லை. நர்ஸ் கொஞ்சம் கட்டுத்துணி வெட்டிக் கொடுத்திருக்கிறாள். அன்று பிள்ளை சடை கலையக்கூடாதென்று குப்புறப் படுத்துத் தூங்கினாளாம்.

பிலோமின் நிறுத்தினார்.

"எப்படியும் அடக்கம் முடிஞ்சு தலைக்கு ஊத்தியிருப்பாங்க" என்றார் மதர். "அந்தச் சடை நாலு நாள்கூட இருந்திருக்காது."

"அதை அந்தப் பிள்ளையே அவிழ்த்திருக்கணும் மதர். நான் இல்ல."

மதர் தலையசைத்தார்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். இதுல பாவமே இல்லைன்னுட்டார் ஃபாதர். விதிப்படிதானே செஞ்சீங்கன்னார். ஆறுதலுக்கு ஒரே ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார்."

"சிக்கனமான மனுஷன்."

பிலோமின் சிரிக்கவில்லை. மதரும் சிரிக்கவில்லை.

"அப்பவே வந்திருக்கலாமே. ஏன் இன்னிக்கு வந்திருக்க?"

"அவ பள்ளிக்கூடம் வர ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆச்சு. தலைமுடியை யாரையும் தொடவிடறதில்ல. சித்தியைக்கூட. மொத்தமா ஒரு ரப்பர் பேண்டுல முடிஞ்சுட்டு வர்றா. நானும் எழுதறதில்ல, பார்க்காத மாதிரி இருந்துடறேன். இன்னிக்குக் காலையில அவளே என்கிட்ட வந்தா."

"வந்து?"

"சிஸ்டர், நான் கட்டில்ல முன்னாடி பார்த்து உக்காந்திருந்தேன். பின்பக்கம் அம்மா எப்படிப் பின்னியிருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க பார்த்தீங்கல்லன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"ஞாபகமில்லைன்னு சொல்லிட்டேன்."

"ஞாபகமில்லையா?"

பிலோமின் மடியிலிருந்த நோட்டின் ஓரத்தை விரலால் நீவினார்.

"அவ சரின்னு சொல்லிட்டுப் போயிட்டா மதர். கோபப்பட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். இனிமே தினமும் காலையில அந்தப் பிள்ளை முகத்துல எப்படி முழிக்கறது? எங்கேயாவது அனுப்பிடுங்க."

"மடியில என்ன?"

"நோட்டு."

"அன்னிக்கு எழுதினது அதுல இருக்கா?"

"இருக்கு."

"எனக்குக் கண்ணு தெரியாது. நீயே வாசி."

பிலோமின் பக்கத்தைத் தேடவில்லை. நோட்டு தானாகவே அங்கே திறந்தது.

"ஆறாம் வகுப்பு, பி பிரிவு, தெக்லா. வகிடு உச்சியில் வலப்பக்கம் வளைந்திருக்கிறது. இடது சடை இரண்டு விரல் மேலே. வலது சடை தளர்வு, நான்காம் பின்னலில் ஒரு கற்றை விட்டுப்போயிருக்கிறது. இடது சடை முடிவில் ரிப்பனுக்குப் பதில் கட்டுத்துணி, மூன்று முடிச்சு. எண்ணெய் அதிகம். சரிசெய்யப்பட்டது."

"வேகமா வாசிக்கிற. இன்னொரு தரம்."

பிலோமின் இன்னொரு தரம் வாசித்தார். நான்காம் பின்னலுக்கு வந்ததும் அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினார். மதர் காத்திருந்தார். அவர் எங்கேயும் அவசரமாகப் போக வேண்டியதில்லை. பிலோமின் முழுவதையும் வாசித்து முடித்தார்.

"அந்தச் சடையை இவ்வளவு நுணுக்கமா வேற யாரு பார்த்திருக்கா?"

"அவங்க அம்மா."

"வேற?"

வெளியே கோவில் மணி அடித்தது.

"வேற யாரும் இல்ல மதர்."

"சரி. நீ கேட்ட மாத்தல் தர்றேன்."

பிலோமின் நிமிர்ந்தார். "எந்த மடம் மதர்?"

"மடம் இல்ல. வாசல் படி. நாளைக்குக் காலையில மணி அடிக்கறதுக்கு முன்னாடி. இந்தத் தடவை அவளை மேல உக்கார வை. நீ கீழ உக்காரு."

பிலோமின் அங்கியின் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

அந்தச் சத்தம் மதருக்குக் கேட்டது. "என்ன பண்ற?"

"கடைசி வார்த்தையை மட்டும் அடிச்சிடறேன் மதர். சரிசெய்யப்பட்டதுன்னு எழுதியிருக்கேன்."

மதர் கையை நீட்டி, தடவித் தேடி, பேனாவை வாங்கிக்கொண்டார்.

"அடிக்காதே. அதையும் சேர்த்து அவளுக்கு வாசிச்சுக் காட்டு."