பதினேழாம் வண்டியின் எடை

அமெரிக்காவின் தெற்கே ஒரு ஊர். அங்கே நீள்வட்டப் பாதையில் கார் பந்தயம் நடக்கும். பாதையைச் சுற்றி வெள்ளையடித்த கான்கிரீட் சுவர். அந்தச் சுவரை உரசுகிற மாதிரிப் போகிறவரால்தான் முந்த முடியும். ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்கார ஆண்கள், பதினேழாம் எண் வண்டியைத் தவிர.

அதை ஓட்டியவள் கோயம்புத்தூர் வான்மதி. அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் டெல்ஃபின் என்ற கறுப்பினப் பெண். முன்பு அதே பாதையில் ஓட்டியவள். சும்மா சொல்லக் கூடாது, கில்லாடி. சிஷ்யையைவிட இரண்டு வயது இளையவள். வான்மதி விளையாட்டாக "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

அந்த வருஷம் வான்மதிக்கு எல்லாப் பந்தயத்திலும் பதினான்காவது, பதினைந்தாவது இடம்தான். வண்டியின் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். கடைசிப் பந்தயத்தில் முதல் பத்துக்குள் வராவிட்டால் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும்.

பந்தயத்தன்று காலையில் டெல்ஃபின் வண்டியின் வலப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். மற்ற வண்டிகளில் சுவரின் வெள்ளை தீற்றுத் தீற்றாக அப்பியிருந்தது. இது மட்டும் ஆயுத பூஜைக்குக் கழுவி நிறுத்திய மாதிரி இருந்தது.

"சுவத்துக்கும் உனக்கும் என்ன சண்டை?"

டயர் சரியில்லை, ஸ்டியரிங் இழுக்கிறது என்று வான்மதி ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். டெல்ஃபின் கையை எடுக்கவில்லை. கடைசியில் உண்மை வந்தது.

"அவங்கள்ல ஒருத்தன் மோதினா, அவனுக்கு ஓட்டத் தெரியலைன்னு சொல்லுவாங்க. நான் மோதினா, பொம்பளைக்கே ஓட்டத் தெரியாதுன்னு சொல்லுவாங்க. அப்புறம் நம்மள மாதிரி ஒருத்தியையும் உள்ளே விடமாட்டாங்க. எனக்குக் கடுதாசி போடுற பொண்ணுங்க எத்தனை பேரு, குருவே. அத்தனை பேரையும் ஏத்திக்கிட்டுத்தான் ஓட்டறேன்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டெல்ஃபின் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தாள்.

பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு வண்டியையும், ஓட்டுகிறவரை உள்ளே வைத்தே எடை போடுவார்கள். எடை மேடையில் ஹோவர்ட் என்ற அதிகாரி இருந்தார். ரொம்பக் கண்டிப்பானவர். ஆயிரத்தைந்நூற்றுப் பத்து கிலோ, சரியாக இருக்கிறது, நகருங்கள் என்றார்.

டெல்ஃபின் நகரவில்லை. எடை கம்மியாகக் காட்டுகிறது, இன்னொரு தரம் போடுங்கள் என்றாள்.

போட்டார். அதே எடை.

அவள் மூன்றாம் முறையும் போடச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வான்மதிக்கு வண்டிக்குள்ளேயே மானம் போயிற்று. மூன்றாம் முறையும் அதே எடைதான் வந்தது. ஹோவர்டுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, வண்டி ஒண்ணு, உள்ளே பொண்ணு ஒருத்தி. அதுக்கு மேல அதுல யாரு இருக்கா?"

டெல்ஃபின் குனிந்து, ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகக் கட்டியிருந்த வலையை விலக்கினாள்.

"காதுல விழுந்துச்சா? ஒருத்திதானாம்."