சின்னப்பனின் பங்கு

செம்மணல் மேடுகள் விரிந்த தேரிக்காட்டின் நடுவே ஒரு சிற்றாலயம் இருந்தது. அதை ஒட்டிய ஓடு வேய்ந்த அறையில் சகோதரி சலேத்தம்மாள் தனியாகத் தவம் இருந்தாள். வயது நாற்பதுதான். ஆனாலும் அறிவுரை தேடி வந்தவர்கள் பெரும்பாலும் அவளைவிட மூத்தவர்கள்.

ராயப்பனுக்கு அறுபது. முப்பது ஆண்டுகளாகக் கோயில் உபதேசியார். ஊரில் சாவு விழுந்தால், பங்குச்சாமியார் வந்து சேருமுன் செபத்தைத் தொடங்குகிறவர் அவர்தான். சர்க்கரை நோய் இடதுகால் விரல்கள் இரண்டைக் கொண்டுபோய்விட்டது. மணலில் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார்.

"உங்ககிட்ட கொஞ்ச நாள் சீடனா இருக்கச் சொல்லி சாமியார் அனுப்பினார், சிஸ்டர்."

"எதைக் கத்துக்கிறதுக்கு?"

"சாப்பிடாம இருக்க."

"அது எனக்குத் தெரியாதே. நானும் தினமும் சாப்பிடுறவதான்."

ராயப்பன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"போன மாசம் எங்க ஊர்க் கோயில்ல அசன விருந்து. ஊரே உக்காந்து சாப்பிட்டது. படுத்த படுக்கையா ஒரு கிழவர் இருக்கார். அவருக்குத் தூக்குச்சட்டியில சோறு என்கிட்ட கொடுத்து விட்டாங்க. வழியில ஒரு உடைமர நிழல்ல உக்காந்து அதை நான் தின்னுட்டேன். நானும் பந்தியில ரெண்டு தடவை சாப்பிட்டவன். அந்தக் கிழவர் அன்னைக்குச் சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தாராம்."

"அவ்வளவு பசியா?"

"வயிறு கேக்கலை, சிஸ்டர். வேற ஒண்ணு கேக்குது."

"எது?"

"ஒரு குரல். உச்சிவெயில்லதான் வரும். 'இன்னும்'னு ஒரே வார்த்தை. நான் திங்கிற வரைக்கும் விடாது."

சகோதரி சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. பயந்ததாகவும் தெரியவில்லை.

"குழந்தைக் குரலா, பெரியவங்க குரலா?"

ராயப்பன் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடங்களில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

"குழந்தை," என்றார். "விரட்டிப் பார்த்துட்டேன். உபவாசம் இருந்தேன். பேய் ஓட்டுற செபமும் சொன்னேன். அது போகலை."

"சரி. இங்கேயே தங்குங்க."

மறுநாள் சகோதரி இருவருக்குமாகச் சோறு பொங்கினாள். ராயப்பன் அளவாகச் சாப்பிட்டுக் கை கழுவினார். வெயில் உச்சிக்கு ஏறியது. பனையோலைகளின் சலசலப்பு சட்டென்று நின்றது. மணலில் ஓர் ஓணான்கூட அசையவில்லை.

*இன்னும்.*

அவர் எழுந்து பானையருகே போனார். நின்றபடியே அள்ளி அள்ளித் தின்றார். சகோதரியின் பங்கும் தீர்ந்தது. அவள் ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுச் செபிக்கப் போய்விட்டாள்.

இரண்டாம் நாளும் அப்படியே. அவள் காலிப் பானையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ராயப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு நாளா உங்களைப் பட்டினி போட்டிருக்கேன். ஏன் என்னைத் தடுக்கலை?"

"நீங்க சாப்பிடுற மாதிரி எனக்குத் தெரியலை. கண்ணை மூடிக்கிட்டு, பதறிப் பதறி, யாருக்கோ ஊட்டுற மாதிரி இருந்தது. யாருக்கு ஊட்டுறீங்க?"

ராயப்பன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க இரட்டைப் பிள்ளைங்க, சிஸ்டர். நான் ராயப்பன், அவன் சின்னப்பன். ஆறு வயசுல ரெண்டு பேருக்கும் விஷக்காய்ச்சல். சோறு குடுத்தா குடல் ஓட்டையாயிரும்னு வைத்தியர் சொல்லிட்டார். அம்மா கஞ்சித்தண்ணியைக் கரண்டியால ஊத்துவா. அவன் 'இன்னும், இன்னும்'பான். அவ ஊத்த மாட்டா. பதினோராம் நாள் உச்சிநேரத்துல செத்துப்போனான். நான் பிழைச்சுக்கிட்டேன்."

"அப்புறம்?"

"எனக்கு உடம்பு தேறின அன்னைக்கு அம்மா ரெண்டு தட்டுல சோறு போட்டா. ஒண்ணு என் முன்னால. இன்னொண்ணு வெறும் பாய் முன்னால. பாயைப் பார்த்துப் பேசுவா. 'மெதுவாத் தின்னு ராசா, சூடா இருக்கு'ம்பா. கொஞ்ச நேரம் காத்திருப்பா. அப்புறம் அந்தத் தட்டை என் பக்கம் தள்ளுவா. 'தம்பிக்குப் பசி தாங்காது. அவன் பங்கையும் நீ தின்னு, அவனுக்குப் போய்ச் சேரும்.'"

"எத்தனை நாள்?"

"அம்மா கண்ணை மூடுற வரைக்கும். இருபத்துமூணு வருஷம். வயிறு வெடிக்கிற மாதிரி இருக்கும். வேண்டாம்னு சொல்ல முடியாது. சொன்னா அவனைத் திரும்பவும் பட்டினி போட்டுக் கொல்ற மாதிரி இருக்கும்."

சகோதரி எழுந்து அடுப்பு மூட்டினாள்.

அன்று நடுப்பகலில் பாய் விரித்து இரண்டு தட்டுகள் வைத்தாள். ஒன்று ராயப்பன் முன்னால். மற்றது அவருக்குப் பக்கத்தில், ஆளில்லாத இடத்தில். இரண்டிலும் சோறும் பருப்பும் போட்டாள். தனக்கு எதுவும் வைத்துக்கொள்ளாமல் எதிரே உட்கார்ந்தாள்.

ராயப்பன் இரண்டாம் தட்டைப் பார்த்தார். "எதுக்கு சிஸ்டர் இது?"

"செபம் சொல்லிட்டு உங்க தட்டுல இருக்கிறதைச் சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். தட்டு காலியானது. காற்று நின்றது. ஆலயத்துக்குள் எரிந்த விளக்கின் சுடர் ஆடாமல் ஊசிபோல் நின்றது.

*இன்னும்.*

இம்முறை குரல் அடுத்த தட்டுக்குப் பின்னாலிருந்து, அவர் தோள் உயரத்துக்கும் கீழே, ஒரு சிறு பிள்ளை உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து வந்தது. அவர் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார்.

"கேட்டுதா சிஸ்டர்?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலை. உங்களுக்குக் கேக்குதுன்னு நம்புறேன்."

ராயப்பனின் கை அந்தத் தட்டை நோக்கிப் போனது. அவள் தடுக்கவில்லை.

"உபதேசியாரே, சாவு வீட்டுல அழுறவங்களுக்கு நீங்க என்ன ஆறுதல் சொல்வீங்க?"

"செத்தவங்க ஆண்டவரோட பந்தியில உக்காந்திருக்காங்கன்னு சொல்வேன்."

"பிள்ளையைப் பறிகொடுத்தவங்களுக்கும்?"

"அவங்களுக்குத்தான் ரெண்டு தடவை சொல்வேன்."

*இன்னும். இன்னும்.*

அவர் விரல்கள் சோற்றுக்குள் புதைந்தன. நெற்றியிலிருந்து வியர்வை தட்டில் சொட்டியது.

"கெஞ்சுறான், சிஸ்டர். நான் திங்கலைன்னா அவனுக்கு வேற யார் குடுப்பா?"

சகோதரி சலேத்தம்மாள் அந்த வெற்றிடத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"அப்படின்னா, ஐம்பத்துநாலு வருஷமா ஆண்டவர் அவனைப் பந்தியில உக்கார வச்சுக்கிட்டு, சோறு போடாமலா இருக்கார்?"

ராயப்பனின் கை சோற்றுக்குள் வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு அதை வெறுமையாக வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஆறு வயதில் அழாமல் விட்ட அழுகையை அழத் தொடங்கினார்.