காற்றில்லாத நாளில் வந்த அலை

கடல் நடுவே ஒரு மணல் திட்டு இருந்தது. அங்கே ஆலாப் பறவைகள் கூட்டமாக முட்டையிட்டிருந்தன. கூடு என்று எதுவும் கிடையாது. மணலில் ஒரு சின்னக் குழி, அதில் ஒரு முட்டை, அவ்வளவுதான். குழிகள் கரையிலிருந்து மேடு நோக்கி ஐந்து வரிசைகளாக இருந்தன.

திட்டுக்குத் தலைவர் ஒரு கூழைக்கடா. அலகின் கீழே பெரிய பை தொங்கியதால் எல்லோரும் அவரைப் பைவாயர் என்றே அழைத்தார்கள். தினமும் காலையில் உடைந்த படகின் கம்பத்தில் ஏறி நின்று, தன் மார்பிலிருந்து ஒரு மெல்லிய இறகைப் பிடுங்கிக் கீழே விடுவார். இறகு பறந்து போனால் கடல் பொல்லாதது. எல்லோரும் முட்டையை மேட்டுக்கு உருட்டிப் போக வேண்டும். இறகு நேராக விழுந்தால் கடல் நல்லது. யாரும் வரிசையை விட்டு அசையக் கூடாது. அசைந்தவருக்கு அடுத்த பருவத்தில் இடம் கிடையாது.

அன்று இறகு கல் போல நேராக விழுந்தது.

"கடல் தூங்குது! எல்லாரும் உட்காருங்க!" என்றார் பைவாயர்.

இரண்டாம் வரிசையில் செங்காலி என்ற இளம் ஆலா உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய முதல் முட்டை. அவள் அதிகம் பேச மாட்டாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். நேற்று ஓர் அலை போய் அடுத்த அலை வருவதற்குள் எட்டு முறை மூச்சு விட்டிருந்தாள். இன்று பதினெட்டு முறை விட்டாள். அலை உயரமாகவும் இல்லை, சத்தமாகவும் இல்லை. ஆனால் வெகு தூரம் பின்வாங்கிப் போய், நேற்றைவிட மேலே ஏறி வந்தது.

அப்போது ஒரு வெள்ளை நண்டு தன் வளையை மூடிவிட்டு, மேட்டைப் பார்த்து ஓடியது.

"எங்கே போறே?" என்று செங்காலி கேட்டாள்.

"மேலே! தெற்கே எங்கேயோ புயல் கடலைப் புரட்டிப் போட்டிருக்கு. காற்று அங்கேயே நின்னுடும். அலை மட்டும் நடந்தே இங்கே வந்துடும். மதியத்துக்குள்ள இந்தக் குழியெல்லாம் தண்ணி!"

பக்கத்துக் குழியில் இருந்த கொண்டைக்காரி கெக்கலித்துச் சிரித்தாள். "அடியே செங்காலி, அவன் பேச்சைக் கேட்காதே! முட்டை திருடுற பயல். நாம எழுந்தா அவனுக்குச் சாப்பாடு!"

"நாளைக்கு உங்க முட்டையை நான் தின்னாலும் தின்பேன்" என்றது நண்டு. "அதுக்காக அலை என்கூடக் கூட்டுச் சேருமா?"

சொல்லிவிட்டு அது ஓடிவிட்டது.

செங்காலி அடுத்த அலையையும் எண்ணினாள். பத்தொன்பது. கூட்டத்தில் அவள் ஒருபோதும் வாய் திறந்ததில்லை. இருந்தும் எழுந்தாள்.

"ஐயா, அலை ஒவ்வொரு தடவையும் மேலே மேலே வருது. முட்டைகளை மேட்டுக்குக் கொண்டு போயிடலாம்."

"இறகு எப்படி விழுந்தது?"

"நேராத்தான், ஐயா."

"அப்புறம் என்ன? காற்றில்லாம அலை எப்படி வரும்? முட்டையிலிருந்து நேத்துத்தான் வெளியே வந்தவ எனக்குக் கடல் சொல்லித் தர்றா!"

திட்டே சிரித்தது. செங்காலிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் உட்காரவில்லை. அலகால் முட்டையை மெல்லக் குழியிலிருந்து வெளியே தள்ளினாள்.

"நில்! வரிசையை விட்டா அடுத்த பருவம் உனக்கு இடமில்லை!"

"பரவாயில்லை, ஐயா. இடம் இல்லாம இருந்துக்குவேன். முட்டை இல்லாம இருக்க மாட்டேன்."

உருட்டினாள். வெயில் சுட்டது. மணல் சரிந்தது. இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. "மூட்டை தூக்கறவளே, கூலி எவ்வளவு?" என்று மூன்றாம் வரிசை கேலி செய்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டில் ராவணன் மீசைப் புல் அடர்ந்திருந்த இடத்தில் முட்டையை வைத்து, மேலே உட்கார்ந்தாள்.

மதியம் ஆயிற்று. ஒரு புல்நுனியும் ஆடவில்லை. கடல் எண்ணெய் போல மினுங்கியது. திடீரென்று தண்ணீர் வெகு தூரம் உள்ளே போயிற்று. பிறகு சத்தமே இல்லாமல் வீங்கிக்கொண்டு ஏறி வந்தது.

முதல் வரிசை ஒரே நொடியில் மறைந்தது. பறவைகள் அலறிக்கொண்டு மேலெழுந்தன. இரண்டாம் வரிசையில் தண்ணீர் நுரைத்தது.

"செங்காலி! என் முட்டை மிதக்குது!" என்று கத்தினாள் கொண்டைக்காரி.

செங்காலி தன் முட்டையைப் புல்லுக்குள் ஒளித்துவிட்டுக் கீழே பாய்ந்தாள். தண்ணீர் பின்வாங்கும்போது முட்டையும் கூடவே உருண்டது. அவள் குறுக்கே விழுந்து மார்பால் தடுத்தாள். இருவரும் சேர்ந்து அதை மேலே தள்ளினார்கள்.

"எல்லாரும் உருட்டுங்க! இறகைப் பார்க்காதீங்க, தண்ணியைப் பாருங்க!" என்று கத்தினாள் செங்காலி. அவள் குரல் அவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

மற்ற மூன்று வரிசைகளும் எழுந்தன. அடுத்த பெரிய அலை வருவதற்குள் அவர்கள் முட்டைகளோடு மேட்டில் இருந்தார்கள்.

மாலையில் கடல் இறங்கியது. முதல் இரண்டு வரிசைகள் இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அங்கே ஒரு தாய் ஆலா, குழி இருந்த இடம் தெரியாமல், ஈர மணலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். செங்காலி அவள் அருகில் போய் நின்றாள்.

"காலையிலேயே நான் இப்படிக் கத்தியிருக்கணும், அக்கா. மெதுவாச் சொல்லிட்டேன்."

அந்தத் தாய் செங்காலியின் பக்கம் சற்று நகர்ந்து நின்றாள்.

அதற்குள் பைவாயர் வந்துவிட்டார். "காற்றில்லாம வந்த அலைக்கு நான் பொறுப்பில்லை! எல்லாரும் பழையபடி வரிசைக்கு வாங்க! இவளுக்கு மட்டும் அடுத்த பருவம் இடமில்லை!"

செங்காலி அவரை நேராகப் பார்த்தாள்.

"இடம் தர்றதுக்கு இந்த மணல் உங்களுதில்லை, ஐயா. அடுத்த பருவமும் இங்கேதான் முட்டையிடுவேன். அலை ஏறினா மறுபடியும் எழுந்திருப்பேன். தனியா இல்லை, எல்லாரையும் எழுப்பிட்டுத்தான்!"

"உட்காருங்கன்னா உட்காரணும்!" என்று பைவாயர் இரைந்தார்.

கொண்டைக்காரி தன் முட்டையை உருட்டிக்கொண்டு வந்து செங்காலியின் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். பிறகு பத்துப் பேர். கீழே வரிசைக்கு ஒருவரும் இறங்கவில்லை.

கண்ணெதிரே ஆபத்து ஏறி வரும்போது, தலைவரே தடுத்தாலும் ஊரே சிரித்தாலும், எழுந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டும்.