அறுபத்தோராம் வரி

விசயமல்ல ராஜாவுக்குப் புகழ்ச்சி என்றால் பாயசம். அதைத் தெரிந்துகொண்ட அம்பலக் கவிராயர் ஒரு சட்டம் போட வைத்தார். அரண்மனைக்குள் எந்த ஓலை வந்தாலும் சரி, வெளியே போனாலும் சரி, முதல் அறுபது வரி ராஜாவின் புகழ். விஷயம் அறுபத்தோராம் வரியில்தான் தொடங்க வேண்டும்.

பைத்தியக்காரச் சட்டம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை, ஏரிக் காவலர் வேலாத்தான் இடுப்பு வரை சேறோடு சபைக்குள் ஓடி வந்தார். நீட்டிய ஓலையில் ஒரே வரி இருந்தது. "பெரிய ஏரி மதகோரம் கரை கசியுது, முப்பது ஆள் அனுப்புங்க, நாளைக்கு மேல தாங்காது."

கவிராயர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மகாராஜா, இதில் தங்கள் பெயர்கூட இல்லை! கசிவின் பெயர் இருக்கிறது!"

ராஜாவின் முகம் சுருங்கியது. "ஏனய்யா, என்னைவிடக் கசிவு பெரிசா?"

"இன்னைக்குப் பெரிசுதாங்க," என்றார் வேலாத்தான்.

போயும் போயும் இதையா சொல்வது! ராஜா துள்ளி எழுந்தார். "கட்டிப் போடுங்கள்! நாளை உச்சிவேளையில் இருபது சவுக்கடி. ஓலையைக் கவிராயர் முறைப்படி எழுதித் தரட்டும். அப்புறம் ஆள் அனுப்பலாம்."

"மூன்று நாள் ஆகும். எதுகை மோனை பார்க்க வேண்டும் அல்லவா?" என்றார் கவிராயர்.

ராஜாவின் ஓலைகளை எழுதியும் வாசித்தும் காட்டுகிறவள் எயினி. அவளால் பொறுக்க முடியவில்லை. ஏரிக்குக் கீழே நாலு ஊர் இருந்தது.

"மகாராஜா, எல்லா எழுத்துக்கும் ஒரே உடம்பு கிடையாதுங்க. கதைன்னா முடிச்சைக் கடைசி வரைக்கும் மறைக்கலாம். மருந்துச் சீட்டுன்னா முதல்ல இடிக்கிறது, அப்புறம் கொதிக்க வைக்கிறது, அப்புறம் குடிக்கிறதுன்னு வரிசையா வரணும். ஆபத்துச் சேதின்னா ஆபத்துதான் முதல்ல. இதெல்லாத்தையும் ஒரே அச்சுல வார்த்தா எதுவுமே வேலை செய்யாது."

"பெண்ணே, எல்லாம் எழுத்துதானே?" என்று கொட்டாவி விட்டார் ராஜா.

"எல்லாம் எழுத்துதான்!" என்றார் கவிராயர்.

"அப்ப சரிங்க. முறைப்படி நானே ஒண்ணு எழுதி வர்றேன். கேட்டுட்டு முத்திரை போட்டுடுங்க."

ஒரு நாழிகையில் ஓலையோடு வந்து ராகம் போட்டு ஆரம்பித்தாள். "கதிரவன் நாணிக் கண்புதைத் தொதுங்க, மதியமும் வெட்கி முகிலிடை ஒளிய..."

"ஆஹா!" என்றார் கவிராயர்.

பத்தாம் வரியில் ராஜாவின் கண் சொக்கியது. முப்பதாம் வரியில் தலை ஆடியது. கவிராயர் மட்டும் வரிக்கு ஒரு ஆஹா போட்டுக்கொண்டே இருந்தார். எயினி அதே ராகத்தில் அறுபதைத் தாண்டி அறுபத்தொன்றையும் பாடி முடித்தாள். ராஜா விழித்தார். "பிரமாதம்!" என்று முத்திரை போட்டார்.

மறுநாள் உச்சிவேளை. சவுக்கு வந்தது, அடிபட வேண்டிய ஆள் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேலாத்தான் வாசல் வழியாக நடந்து வந்தார். பின்னால் சேறு பூசிய முப்பது பேர்.

"கரை நின்னுடுச்சுங்க. விடிய விடிய மண் போட்டோம்."

"உன்னை அவிழ்த்து விட்டது யார்?"

"நீங்கதாங்க," என்றாள் எயினி. ஓலையை நீட்டி, அறுபத்தோராம் வரியைப் பாடிக் காட்டினாள். "ஏரிக்கு முப்பது ஆள்விடுத் தருளி, காவலர் வேலாத்தான் கட்டவிழ்த் திடுக!"

"மோசடி!" என்று குதித்தார் கவிராயர்.

"எதுங்க மோசடி? இந்த வரிக்கும் நீங்க ஆஹா சொன்னீங்க."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. அவருக்கு இப்போதுதான் ஏதோ உறைத்தது. "எயினி, போன மாசம் கவிராயர் பாடி நான் முத்திரை போட்ட ஓலை இருக்கிறதா?"

"இருக்குங்க. அப்பவே சொல்ல வந்தேன், அறுபது வரி பாடிட்டு வான்னீங்க." எடுத்து வந்து, "கதிரொளி பரப்பும்..." என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் வேண்டாம். அறுபத்தொன்றை வாசி."

"கீழையூர்த் தோப்பு முழுவதும் கவிராயர் பெயருக்கு."

ராஜா கவிராயரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தோப்பு அரண்மனைக்கே திரும்பட்டும். இனிமேல் சேதி ஓலையில் முதல் வரியே சேதி. ஓலையை எல்லாம் இனி எயினிதான் பார்ப்பாள், அவள் சொல்வதே முறை. வேலாத்தானுக்கு என் கைக்காப்பு. கவிராயரே, மழைக்காலம் முடியும் வரை ஏரிக்கரையில் முப்பத்தோராவது ஆள் நீர்தான்."

கவிராயர் கைகூப்பினார். "ஈரேழ் உலகமும் இறைஞ்சிடும் தாளாய், மாரியும் நாணும் வண்மைசேர் கையாய்..."

"சேதிக்கு வாரும்!"

"மண் சுமந்தால் இடுப்புப் பிடிக்கும்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "பாரும், ஒரே வரியில் சொல்ல வருகிறதே உமக்கு!"