புலித் தக்காளி வேலி தாண்டிய கதை

மருதங்காட்டு சமஸ்தானத்தை ஆண்ட கண்டீரவ பூபதிக்குப் போர் வெறி கிடையாது, வேட்டை வெறியும் கிடையாது. தக்காளிப் பைத்தியம் மட்டும் உண்டு. கப்பலில் வந்த சீமை விதைகளை வாங்கி, ராணியின் மல்லிகைப் பாத்தியைக் கொத்திப் போட்டுவிட்டு, அரண்மனைக் கொல்லையில் தன் கையாலேயே நட்டார். கத்தரி நிறத்தில் ஒன்று காய்த்தது, எலுமிச்சை நிறத்தில் ஒன்று காய்த்தது. ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது புலித் தக்காளியில்தான். பழுத்தாலும் அது பச்சையாகவே இருக்கும். மேலே மஞ்சள் வரி ஓடும். அந்தச் செடி தன் கொல்லையைத் தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார்.

அதற்காக நாலு பேர் தின்று பார்த்துப் புகழாவிட்டால் வளர்த்து என்ன பயன்? முதல் பழங்கள் கனிந்ததும் சபையாரைத் தோட்டத்திலேயே பந்தி போட்டு உட்காரவைத்தார். இலைக்கொரு பழம்.

நிர்வாகம் பார்த்த பேஷ்கார் விருத்தகிரி பதறினார். "பிரபு, விதை வெளியே போய்விடுமே! துப்பக் கூடாது, துண்டில் துடைக்கக் கூடாது, விதையோடு விழுங்க வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பிறகும் எவன் வீட்டிலாவது செடி முளைத்தால் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டட்டும்!"

"பலே! அப்படியே உத்தரவு!" என்றார் ராஜா.

பேஷ்காரும் ஒரு பழத்தை விதையோடு விழுங்கிவிட்டு, வாய் வாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அரசவை விகடர் தாண்டவமூர்த்தியிடம் வந்ததும் நாக்கைத் தூக்கச் சொல்லி நெடுநேரம் துழாவினார். தாண்டவமூர்த்தி வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். அதனாலேயே பேஷ்காருக்கு அந்த வாயைக் கண்டால் ஆகாது.

"உள்ளே ஒரு சொத்தைப் பல் இருக்கிறது. அதையும் பார்த்துச் சொல்லிவிடுங்கள்" என்றார் தாண்டவமூர்த்தி. தோட்டமே சிரித்தது. பேஷ்கார் மட்டும் சிரிக்கவில்லை.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் தாண்டவமூர்த்தியின் மனைவி வேதவல்லி கொல்லைக் கோடியிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். இதென்ன செடி? காயெல்லாம் வரிவரியா இருக்கு!"

அதைப் பார்த்ததும் தாண்டவமூர்த்திக்குப் பேஷ்காரின் உத்தரவு நினைவுக்கு வந்தது. பிறந்து வளர்ந்த ஊர். இரண்டு சின்னப் பெண்களையும் கட்டின வீட்டையும் வைத்துக்கொண்டு எந்த எல்லையைத் தாண்டுவது?

"பிடுங்கிப் போட்டுடவா?" என்றாள் வேதவல்லி.

"கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டுச் செடி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊரின் கொல்லைப்புறச் சந்து வழியே ஒரு நடை போனார். என்னத்தைக் கண்டாரோ, மீசைக்குள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"பிடுங்காதே. நன்றாகத் தண்ணீர் ஊற்று. பழுத்தால் ரசம் வை."

ரசத்தின் வாசனை சுவரேறிப் பேஷ்காரின் மூக்குக்குப் போக வெகுநாள் ஆகவில்லை. ஒரு தட்டு நிறையப் பழங்களோடு சபைக்குள் ஓடிவந்தார்.

"பிரபு, திருட்டு! தாண்டவமூர்த்தி கொல்லையில் பறித்தது!"

ராஜாவின் முகம் சிவந்தது. ஒரு பழத்தை எடுத்துக் கடித்தார். பேஷ்காரும் சாட்சிக்கு ஒன்றைக் கடித்தார்.

"அதே பழம்தான்" என்றார் ராஜா. "சொல்லப்போனால் என் பழத்தைவிட ருசி! ஓய் தாண்டவமூர்த்தி, விதை எப்படி உம் வீட்டுக்கு வந்தது?"

"நான் திருடவில்லை, பிரபு. ஆனால் அது வந்த விதத்தைச் சபையில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பேஷ்காரே சொல்லட்டும்."

"எனக்கெப்படித் தெரியும்?" என்று சீறினார் பேஷ்கார்.

"அவர் வீட்டுக் கொல்லைக்கும் ஆள் அனுப்பிப் பாருங்கள், பிரபு. அவர் இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிறவர். பார்த்திருக்க மாட்டார்."

போன சேவகர்கள் ஒரு முழுச் செடியையே வேரோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் கொத்துக் கொத்தாகப் புலித் தக்காளி தொங்கியது.

பேஷ்கார் ராஜாவின் காலில் விழுந்தார். "சத்தியமாக நான் திருடவில்லை, பிரபு!"

"திருடாமல் எப்படி ஐயா முளைக்கும்? சொல்லும்! இல்லாவிட்டால் நீர் போட்ட உத்தரவுப்படி நீரே எல்லையைத் தாண்டும்!"

பேஷ்கார் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் கோணிக்கொண்டே போனது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"வந்து... பிரபு... அன்றைக்கு விதையோடு விழுங்கினோம் அல்லவா? மறுநாள் விடியற்காலை... கொல்லைக் கோடியில்... வழக்கம்போல ஒதுங்கினபோது..."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"வாய்க்குப் போட்ட காவல் பலமான காவல்தான், பிரபு" என்றார் தாண்டவமூர்த்தி பணிவாக. "அன்று பந்தியில் இருந்த எல்லார் கொல்லையையும் பார்த்துவிட்டேன். உத்தரவை நிறைவேற்றினால் நாளைக்குச் சபையில் தாங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள்."

ராஜா தன் கையிலிருந்த பாதிப் பழத்தைப் பார்த்தார். பேஷ்கார் தன் கையிலிருந்ததைப் பார்த்தார். முதலில் ராஜாவின் தொப்பை குலுங்கியது. பிறகு சிம்மாசனமே குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, உத்தரவை ரத்து செய்தார். ஊருக்கே விதை கொடுக்கச் சொன்னார். தாண்டவமூர்த்திக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

போர்த்தியவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை.

"அதெல்லாம் சரி. நான் ஆட்டு எரு, மாட்டு எரு, பிண்ணாக்கு என்று பார்த்துப் பார்த்துப் போடுகிறேன். என் பழத்தில் இல்லாத ருசி உங்கள் பழத்தில் எப்படி ஐயா வந்தது?"

தாண்டவமூர்த்தி சால்வையைச் சரிசெய்துகொண்டு கைகூப்பினார்.

"அதையும் பேஷ்காரே சொல்லட்டும், பிரபு."