அரைவேக்காட்டுப் பசை

வேலைநிறுத்தத்தில் பத்தொன்பது நாள் நின்ற ஆலை, இருபதாம் நாள் ஓடியது. சங்கு ஊதியதும், கொடி பிடித்த கைகளே கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயின.

ரங்கராசு போகவில்லை. நாற்பது வருஷம் சங்கத்தைச் சுமந்தவர், கடைசிச் சுவரொட்டியையும் தன் கையாலேயே எழுதினார்: 'சங்கம் கலைக்கப்பட்டது.' அதை ஒட்டுவதற்காக, சங்க அறையில் தகர டின்னில் மைதாவைக் கரைத்து அடுப்பில் ஏற்றினார்.

அன்று ஞாயிறு, வகுப்பு நாள். தொழிலாளருக்கு அறிவியல் வகுப்பெடுக்கும் திலகமணி உள்ளே வந்தார். ரங்கராசுவை விடப் பத்து வயது இளையவர். யாருக்கும் தலைவணங்காத ரங்கராசு, அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவருக்கு மாணவர்.

"நீங்க ஒருத்தர்தானா, தோழர்?"

"மத்தவங்க, முதலாளிக்கு விட்டுப்போன உற்பத்தியை ஞாயித்துக்கிழமையும் ஓட்டிப் பிடிச்சுக் குடுக்கப் போயிருக்காங்க." காறித் துப்புவது போலச் சிரித்தார். "ஒரு சந்தேகம். பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிஷத்துல ஹைட்ரஜன், ஹீலியம், பேருக்குத் துளி லித்தியம். அத்தோட நின்னுபோச்சுன்னீங்க. இரும்பு வரைக்கும் போயிருக்கலாமில்லீங்களா? ஏன் நின்னுச்சு?"

திலகமணி அடுப்பருகே போனார். துணியால் பிடித்து டின்னை இறக்கி, ஜன்னல் காற்றில் வைத்தார்.

"ஐயோ தோழர், அரைவேக்காடு! இன்னும் கொதிக்கோணும்."

"ஆறினா தானாவே கெட்டியாகாதா?"

"எனக்கே பசை காய்ச்சச் சொல்லித் தர்றீங்களா? சூடு இருக்கறப்பவே கூடோணும். ஆறிட்டா மாவு தனி, தண்ணி தனி."

"அங்கேயும் அப்படித்தான். ரொம்பச் சூட்டுல சேர்ந்ததெல்லாம் உடனே உடைஞ்சுது. கொஞ்சம் ஆறினதும் சேர ஆரம்பிச்சுது. அதுக்குள்ள எல்லாம் விரிஞ்சு, விலகி, ஆறிப்போச்சு."

டின்னின் அடியில் மாவு படிந்துகொண்டிருந்தது. ரங்கராசு அதையே பார்த்தார்.

"அப்ப இரும்பு?"

"பின்னாடி வந்துச்சு. நட்சத்திரங்க எரிஞ்சு செத்ததுல."

"முதல் நட்சத்திரத்துக்கு எத்தனை நாள்?"

"பத்துக் கோடி வருஷமாவது ஆகியிருக்கும். அதுவரைக்கும் இருட்டு."

ரங்கராசு சுவரொட்டியைச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

"பார்க்கறதுக்கு ஒருத்தராவது இருந்தாங்களா?"

"யாரும் இல்லை."

"அவ்வளவு இருட்டுல அந்த ஹைட்ரஜன் என்னதாங்க செஞ்சுது?"

திலகமணி அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"கலையாம இருந்துச்சு, தோழர்."